ராட்டைக்கால் கொம்பும் பிரேக் கம்பியும்

மழைக்காட்டில் நடப்பவர்கள் காலில் ஏறும் அட்டையை உப்பைத் தடவியோ புகையிலையைத் தேய்த்தோ உதறிவிடுவார்கள். வியட்நாமுக்கும் லாவோஸுக்கும் இடையில் முதுகெலும்புபோல் நீண்டு கிடக்கும் அன்னாமைட் மலைத்தொடரில் சிலர் அதே அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துச் சிறு குப்பிகளில் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். அட்டை குடித்த ரத்தத்தில் உள்ள மரபணு, அதன் வயிற்றுக்குள் மாதக்கணக்கில் அழியாமல் இருக்கும். அதைப் படித்தால் அந்த அட்டை கடைசியாக எந்த விலங்கின்மேல் ஏறியது என்று சொல்லிவிடலாம். இந்த மலையில் பிடித்த 25 அட்டைகளைச் சோதித்த ஆய்வு ஒன்று 2012-இல் வெளிவந்தது. அவற்றில் 21 அட்டைகளில் பாலூட்டிகளின் ரத்தம் இருந்தது. உலகில் வேறெங்கும் இல்லாத அன்னாமைட் வரிமுயலின் தடயமும் அப்படித்தான் கிடைத்தது.

ஆனால் இந்த மலைக்காரர்களும் விஞ்ஞானிகளும் எல்லாவற்றுக்கும் மேலாகத் தேடும் விலங்கின் தடயம், இதுவரை வெளிவந்த எந்த அட்டை ஆய்விலும் இல்லை. அது எலியோ தவளையோ போன்ற சிறு உயிரும் இல்லை. எண்பது முதல் நூறு கிலோ எடை. தோள்வரை அளந்தால் ஏறக்குறைய 85 சென்டிமீட்டர் உயரம். ஆணுக்கும் பெண்ணுக்கும் தலையில் அரை மீட்டர் நீளத்துக்கு வளரும் கொம்புகள். இவ்வளவு பெரிய விலங்கை இயற்கையான காட்டில் தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்ல உலகில் ஒரு உயிரியலாளர்கூட இல்லை.

அதன் பெயர் சாவோலா.

தாய்லாந்து மொழிக்கு உறவான ஒரு மொழியைப் பேசும் மலையடிவாரத்து மக்கள் வைத்த பெயர் அது. நூல் நூற்கும் ராட்டையில் சக்கரத்தைத் தாங்க, நுனி சிறுத்துப்போகும் இரண்டு மரக்கால்கள் நிற்கும். அவற்றுக்கு அவர்கள் மொழியில் சாவோலா என்று பெயர். வளைவு அதிகமில்லாமல் ஒன்றுக்கொன்று இணையாகப் பின்னோக்கிச் சாயும் இந்த விலங்கின் கொம்புகளைப் பார்த்த யாரோ ஒரு நெசவாளர் வீட்டு மனிதருக்கு ராட்டை நினைவுக்கு வந்திருக்க வேண்டும். லாவோஸில் சில ஊர்களில் இதற்கு இன்னொரு பெயரும் உண்டு: மரியாதைக்கார விலங்கு. காட்டில் சத்தமில்லாமல், அவசரமில்லாமல், பதமாக அடியெடுத்து வைத்து நடக்கும் என்பதால் வந்த பெயர். ஒரு விலங்குக்கு வீட்டுச் சாமானின் பெயரையும் குணத்தின் பெயரையும் சூட்டியிருக்கிறார்கள் என்றால், அவர்கள் அதைத் தலைமுறை தலைமுறையாக அறிந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் 1992-இல் நடந்த 'கண்டுபிடிப்பை'ப் படிக்க வேண்டும்.

அந்த ஆண்டு மே மாதம் வியட்நாம் வனத்துறையும் உலக இயற்கை நிதியமும் சேர்ந்து, ஹா திங் மாகாணத்தில் லாவோஸ் எல்லையை ஒட்டிய வூ குவாங் காட்டில் ஒரு கணக்கெடுப்பு நடத்தின. பிரிட்டிஷ் உயிரியலாளர் ஜான் மெக்கின்னனும் வியட்நாம் ஆய்வாளர் டோ துவோக்கும் அந்தக் குழுவில் இருந்தார்கள். போரால் அரை நூற்றாண்டாக வெளியுலகம் எட்டிப்பார்க்காத பகுதி அது. ஹோ சி மின் பாதை என்று பெயர்பெற்ற ராணுவ வழிகள் இந்த மலைத்தொடரின் ஊடாகத்தான் போயின. குண்டு விழாத பள்ளத்தாக்குகளில் காடு அப்படியே நின்றது. அங்கே என்ன இருக்கிறது என்று முறையாக யாரும் எழுதி வைக்கவில்லை.

கணக்கெடுக்க வந்தவர்கள் முதலில் பார்த்தது வேட்டைக்காரர்களின் வீடுகளை. நம் ஊர்ப் பழைய வீடுகளின் கூடத்தில் மான் கொம்பு மாட்டியிருப்பதைப்போல அங்கும் கொம்புகள் தொங்கின. கடமான் கொம்பு தெரிந்தது, காட்டாட்டுக் கொம்பு தெரிந்தது. நடுவே, நீண்டு நேராக, கூர்மையாக இருந்த ஒரு ஜோடி எதோடும் ஒத்துப்போகவில்லை. வீட்டுக்காரருக்கு அதில் அதிசயம் எதுவும் இல்லை. எந்த ஓடைப்பக்கம் கிடைத்தது என்றுகூடச் சொல்லக்கூடியவர் அவர். அதிசயம் வந்தவர்களுக்குத்தான். பிறகு நடந்த தேடல்களில் மண்டையோடு, தோல், கொம்பு என்று இருபதுக்கும் மேற்பட்ட மிச்சங்கள் சேர்ந்தன. 1993-இல் 'நேச்சர்' இதழில் விலங்கின் அறிவியல் பெயர் வெளியானது: சூடோரிக்ஸ் நேதிங்கென்சிஸ். அரேபியப் பாலைவனத்து ஓரிக்ஸ் இரலையைப் போன்ற, ஆனால் ஓரிக்ஸ் அல்லாத, நே ஆன், ஹா திங் மாகாணங்களின் விலங்கு என்று அதை விரிக்கலாம்.

1937-இல் கம்போடியாவின் கூப்ரே என்ற காட்டுமாடு பதிவானதற்குப் பிறகு, இந்த அளவுள்ள ஒரு தரைவாழ் பாலூட்டி உலகுக்குப் புதிதாகத் தெரியவந்தது அப்போதுதான். பார்வைக்கு அது இரலைபோல, மான்போல இருந்தது. மரபணுவைப் படித்தபோது மாடு, எருமை, காட்டெருமை இவற்றின் வழியில் வந்த உறவு என்று தெரிந்தது. ஆனாலும் அந்தக் குடும்பத்தில் பல பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே தனிக்குடித்தனம் போய்விட்ட உறவு. இன்று அதற்கு அண்ணன் தம்பி என்று சொல்ல வேறு ஒரு இனமும் கிடையாது. சாவோலா போனால் ஒரு கிளை முழுசாகப் போகும்.

அதன்பின் அன்னாமைட் மலை தன் மடியை அவிழ்த்துக்கொண்டே இருந்தது. 1994-இல் பெரிய கொம்புடைய ஒரு கேளையாடு. 1997-இல் இன்னொரு குட்டைக் கேளையாடு. லாவோஸின் சந்தையில் இறைச்சிக்கு வைத்திருந்த முயல்களின் முதுகில் புலிக்கோடுகளைப் பார்த்த ஓர் ஆய்வாளர், மேலே சொன்ன வரிமுயலை உலகுக்குக் காட்டினார். இன்னொரு லாவோஸ் சந்தையில் விற்பனைக்கு வந்திருந்த, 2005-இல் அறிவியல் பெயர் பெற்ற கா-ன்யூ என்ற அணில்வால் எலி, ஒரு கோடி ஆண்டுகளுக்கு மேலாக அழிந்துபோனதாகக் கருதிய ஒரு குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தது. கவனித்தால் ஒன்று புலப்படும். இவற்றில் பெரும்பாலானவை காட்டில் உயிரோடு கண்டறியப்படவில்லை. சுவரில் மாட்டிய கொம்பாக, சந்தைக் கூடையில் கிடந்த உடலாகத்தான் அறிவியலின் கைக்கு வந்தன.

சாவோலாவின் புகழ் பரவியதும் எல்லோரும் அதை உயிரோடு பார்க்க ஆசைப்பட்டார்கள். அந்த ஆசையே அதற்கு முதல் தீங்காக முடிந்தது. 1994-இல் இரண்டு குட்டிகளை ஹனோய்க்குக் கொண்டுவந்தார்கள். சில மாதங்களில் இரண்டும் இறந்தன. 1990-களில் கிராமத்தார் பிடித்தும் அதிகாரிகளிடம் ஒப்படைத்தும் பத்துக்கும் மேற்பட்ட சாவோலாக்கள் கூண்டுக்கு வந்தன. காட்டில் திரும்ப விட்ட ஓரிரண்டைத் தவிர எதுவும் பிழைக்கவில்லை. என்ன தின்னும், எப்படிக் குடிக்கும், எந்த நோய் தாக்கும் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள நேரம் கிடைப்பதற்குள் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன.

அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் நமக்குக் கொஞ்சம் விரிவாகத் தெரியும். 1996 ஜனவரியில் லாவோஸின் லாக் சாவ் என்ற சிற்றூரில் இருந்த ஒரு விலங்குக் கூடத்துக்கு, காட்டில் பிடிபட்ட வளர்ந்த பெண் சாவோலா ஒன்று வந்தது. அமெரிக்க உயிரியலாளர் வில்லியம் ராபிஷோ அதன் பக்கத்திலேயே இருந்து இரவும் பகலும் குறிப்பெடுத்தார். மார்த்தா என்று பெயரும் வைத்தார்.

காட்டிலிருந்து வந்த பெரிய விலங்கு எதுவாக இருந்தாலும் முதல் நாள்களில் மனிதனைப் பார்த்தால் மிரண்டு வேலியில் முட்டும். மார்த்தா முட்டவில்லை. கையிலிருந்து இலையை வாங்கித் தின்றது. உடம்பைத் தடவிக்கொடுத்தாலும், உண்ணி பிடுங்கினாலும் நின்றது. வீட்டு ஆடுகூட இவ்வளவு அமைதியாக இருக்காது என்கிற மாதிரியான சாது. ஆனால் நாயின் வாசனையோ குரைப்போ வந்தால் ஆளே மாறிவிடும். முதுகை வளைத்து, தலையைத் தாழ்த்தி, இரண்டு கொம்புகளையும் முன்னால் நீட்டி, மூக்கால் சீறிக்கொண்டு நிற்கும். மலைவாசிகள் சொல்லும் வேட்டைக் கதையோடு இது பொருந்துகிறது: நாய்கள் விரட்டினால் சாவோலா வெகுதூரம் ஓடாது. பக்கத்து ஓடையில் இறங்கி, பாறைக்கு முதுகைக் கொடுத்து, நாய்களை எதிர்த்து நின்றுவிடும். வேட்டைக்காரன் பொறுமையாக வந்து சேரலாம். செந்நாய்க்கு எதிராகப் பலித்த அந்தத் துணிச்சல், நாயோடு மனிதன் வந்தபோது பலிக்கவில்லை.

முகத்தின் இரு பக்கமும் சதை மூடிபோட்ட பெரிய சுரப்பிகள் இருப்பதையும் ராபிஷோ பதிவு செய்தார். மார்த்தா அந்த மூடியைத் திறந்து கல்லில் தேய்த்து, கடுமையான வாடை வீசும் பசைபோன்ற ஒன்றைப் பூசும். காட்டில் எல்லை குறிக்கும் வழி அதுவாக இருக்கலாம். கண்வரை எட்டும் நீண்ட நாக்கால் முகத்தைத் துடைத்துக்கொள்ளும். மூன்று வாரம் முடிவதற்குள் அது இறந்துபோனது. வயிற்றில் ஒரு குட்டி இருந்தது அதன்பிறகே தெரிந்தது. சாவோலாவின் நடத்தை பற்றி அறிவியல் இன்று அறிந்தவற்றில் பெரும்பகுதி அந்த மூன்று வாரத்துக் குறிப்பேட்டிலிருந்து வந்தது.

காட்டிலிருந்து கிடைத்த படங்களோ ஒரு கையின் விரல்களுக்குள் அடங்கும். 1998-இல் வியட்நாமின் பூ மாட் காட்டில் தானியங்கிக் கேமரா ஒன்றில் பதிவானது. 1999-இல் லாவோஸின் போலிகாம்சாய் மாகாணத்தில் ஒன்று. 2010-இல் அதே மாகாணத்தில் கிராமத்தார் ஒன்றைப் பிடித்து ஊருக்குக் கொண்டுவர, அதிகாரிகளும் மருத்துவரும் போய்ச் சேர்வதற்குள் அது மிகவும் தளர்ந்துவிட்டது. சில நாள்களில் இறந்தது. 2013 செப்டம்பரில் வியட்நாமின் குவாங் நாம் காட்டில் ஒரு கேமரா முன்னால் இலைகளை விலக்கிக்கொண்டு ஒரு சாவோலா கடந்துபோனது. யாரும் மறுக்க முடியாத கடைசிச் சான்று அதுதான்.

இத்தனைக்கும் சாவோலாவை யாரும் குறிவைத்து வேட்டையாடுவதில்லை. காண்டாமிருகத்துக்குக் கொம்பு எமன். புலிக்கு எலும்பு எமன். எறும்புதின்னிக்கு அதன் செதில். சாவோலா பழைய சீன மருத்துவ நூல்களை எழுதியவர்களுக்குத் தெரியாத விலங்கு. அதனால் அதன் கொம்புக்கோ எலும்புக்கோ மருந்துச் சந்தையில் விலையே கிடையாது. 1990-களின் நடுவில் சர்வதேச வணிகத் தடைப் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள். விற்பனையே நடக்காத விலங்குக்கு விற்பனைத் தடை பெரிதாக எதையும் செய்துவிடவில்லை.

அதைக் கொல்வது கம்பி. சைக்கிள், மோட்டார் பைக் பிரேக்கில் ஓடும் அதே கம்பி.

வளையக்கூடிய ஓர் இளமரத்தை வில்லாக வளைத்து, அதன் நுனியில் கம்பியைக் கட்டி, மறுமுனையில் சுருக்குப் போட்டுத் தரையில் பரப்பி, சருகால் மூடிவிட்டால் கண்ணி தயார். விலங்கு கால் வைத்ததும் பொறிக்குச்சி விலகும், மரம் நிமிரும், சுருக்கு இறுகும். தனிக்கண்ணி போதாது என்று மலைமுகட்டில் நூற்றுக்கணக்கான மீட்டர் நீளத்துக்குச் செடிகொடிகளை வெட்டி முழங்கால் உயர வேலி போடுவார்கள். விலங்குகள் வேலியைத் தாண்டாமல் ஓரமாகவே நடந்து, விட்டிருக்கும் இடைவெளியில் நுழையும். ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு கம்பி காத்திருக்கும். ஒரே ஆள் சில நாள்களில் நூற்றுக்கணக்கில் வைத்துவிடலாம். துப்பாக்கி வேண்டாம், தோட்டா வேண்டாம், சத்தம் இல்லை. வைத்தவன் மறந்து ஊருக்குப் போய்விட்டாலும் கம்பி துருப்பிடித்து அறும்வரை தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். கம்பியில் சிக்கிய கேளையாடும் புனுகுப்பூனையும் அப்படியே கிடந்து அழுகுவதை ரோந்து போகிறவர்கள் அடிக்கடி காண்கிறார்கள்.

நீலகிரியிலும் வால்பாறைப் பக்கத்துத் தோட்டங்களிலும் காட்டுப்பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியில் சிறுத்தை சிக்கியது என்ற செய்தியை அவ்வப்போது படிக்கும் நமக்கு இந்தக் கம்பி புதிதல்ல. அங்கே வேறுபடுவது அளவு. கம்போடியா, லாவோஸ், வியட்நாம் மூன்று நாடுகளின் பாதுகாக்கப்பட்ட காடுகளுக்குள் மட்டும் ஏறத்தாழ 1 கோடியே 23 லட்சம் கண்ணிகள் கிடக்கக்கூடும் என்று உலக இயற்கை நிதியம் 2020-இல் மதிப்பிட்டது. காப்புக்காடு என்று பலகை நட்ட இடங்களின் கணக்கு இது.

இதில் மலைக்கிராமத்து ஏழையை மட்டும் குற்றவாளியாக நிறுத்துவது நியாயமாகாது. 1986-இல் வியட்நாம் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. நகரங்களில் காசு புழங்கியது. மலைக்குச் சாலை போனது. காட்டிறைச்சி விருந்தில் அந்தஸ்தின் அடையாளமானது. தன் வீட்டுச் சட்டிக்காக ஒரு வேட்டைக்காரன் வைத்த பத்துப் பொறிகளை இந்தக் காடு நூற்றாண்டுகளாகத் தாங்கியது. நகரத்து உணவகத்துக்காக வைக்கும் ஆயிரம் கம்பிகளை அதனால் தாங்க முடியவில்லை. பன்றிக்கும் கேளையாட்டுக்கும் வைக்கும் கம்பிக்கு, காலைச் சுருக்கில் வைத்தது யார் என்று பார்க்கத் தெரியாது. பன்றி ஒரே ஈற்றில் பல குட்டி போட்டு ஈடுகட்டிக்கொள்ளும். ஒற்றைக் குட்டி ஈனும் சாவோலாவால் அது முடியாது.

பெயரளவுப் பாதுகாப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வியட்நாமிலேயே ஒரு முன்கதை இருக்கிறது. ஆசியப் பெருநிலத்திலிருந்து ஜாவா காண்டாமிருகம் மறைந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்திருந்தபோது, 1988-இல் தென் வியட்நாமில் ஒரு வேட்டைக்காரர் ஒன்றைச் சுட, அங்கே ஒரு சிறு கூட்டம் பிழைத்திருப்பது தெரியவந்தது. அந்தக் காட்டைக் காட் தியென் தேசியப் பூங்காவோடு சேர்த்தார்கள். உலகமே அந்தக் காண்டாமிருகங்களைப் பற்றிப் பேசியது. 2010-இல் கடைசி ஒன்றின் எலும்புகள் கிடைத்தன. காலில் குண்டு, கொம்பு அறுத்தெடுக்கப்பட்டிருந்தது. திரும்பக் கிடைத்ததற்கும் ஒரேயடியாகப் போனதற்கும் இடையே 22 ஆண்டுகள்.

சாவோலாவின் கதையிலும் வீணான ஆண்டுகளை எண்ணினால் மனம் பதறுகிறது. 1992-இல் கொம்பு கிடைத்ததும் வூ குவாங் காட்டில் மரம் வெட்டுவதை நிறுத்தினார்கள், காப்பகத்தைப் பல மடங்கு விரித்தார்கள். அது உடனடியாக நடந்த நல்ல காரியம். ஆனால் மரத்தைக் காத்தால் விலங்கையும் காத்ததாகிவிடும் என்ற எண்ணம் அன்று பலமாக இருந்தது. மேலிருந்து பார்த்தால் பச்சைப் பசேலென்று தெரியும் காட்டின் தரையைக் கம்பி காலி செய்துகொண்டிருந்தது. சாவோலாவுக்கென்றே ஒரு நிபுணர் குழுவை சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அமைத்தது 2006-இல். 'அழிவின் விளிம்பில்' என்ற கடைசிப் படிக்கு அதை இறக்கியதும் அதே ஆண்டு. கூடுதலான சாவோலாக்கள் இருந்த அந்தப் பதினான்கு ஆண்டுகளில், அவற்றைப் பேரால் சொல்லிக் காக்க ஒரு தனி ஏற்பாடு இருக்கவில்லை.

2011-இல் குவாங் நாம் மாகாணமும் அதையடுத்து பக்கத்து ஹூயே மாகாணமும் சாவோலாவின் பெயரிலேயே காப்பகங்களை அமைத்தன. உலக இயற்கை நிதியத்தின் உதவியோடு அங்கே உள்ளூர் ஆள்களையே சம்பளத்துக்கு எடுத்தார்கள். காட்டு மொழியைக் காலால் படிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். எங்கே வேலி போடுவான், எந்த ஓடையோரம் முகாம் அடிப்பான் என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாதத்தில் பாதி நாள் மழையிலும் அட்டையிலும் தார்ப்பாய்க்குக் கீழே உறங்கி, கம்பிகளைத் தேடித் தேடி அவிழ்த்தார்கள். 2011 முதல் 2021 வரை பதினோரு ஆண்டுகளில் அந்த இரண்டு காப்பகங்களிலிருந்து மட்டும் அவர்கள் அகற்றிய கண்ணிகள் 1,18,000-க்கும் மேல்.

இந்த எண்ணைப் படிக்கும்போது முதலில் வருவது பெருமிதம். கொஞ்சம் யோசித்தால் வருவது கவலை. அந்த ஆண்டுகளின் முடிவில் கண்ணிகளின் பரவல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது என்று ஆய்வு சொல்கிறது. பெரிய சாதனைதான். ஆனால் ஊருக்கு அருகில் இருந்த, எளிதில் எட்டிய இடங்களில் குறைந்த அளவு ஆழ்காட்டில் குறையவில்லை. அகற்றிய மறுவாரம் புதுக்கம்பி முளைக்கிறது. கம்பியின் விலையோ சொற்பம். ஒரு கண்ணியை வைக்கும் செலவைவிட அதைத் தேடி எடுக்கும் செலவு பல மடங்கு. கண்ணிக் கம்பியோடு காட்டுக்குள் நுழைவதையே குற்றமாக்குங்கள், நகரத்து உணவகங்களில் காட்டிறைச்சியைத் தடுங்கள் என்று பாதுகாவலர்கள் கேட்டுக்கொண்டே இருப்பது அதனால்தான். கையில் கம்பி வைத்திருப்பவரைப் பிடித்தாலும், விலங்கு எதுவும் அவரிடம் இல்லையென்றால் வழக்கு நிற்பது கடினம் என்ற நிலையில் ரோந்துக்காரர் என்ன செய்வார்?

இதற்கு நடுவே தொலைந்துபோன இன்னொரு விலங்கு திரும்பி வந்தது. வெள்ளிமுதுகுச் சருகுமான் 1990-க்குப் பிறகு அறிவியலின் கண்ணில் படவே இல்லை. தென் வியட்நாமின் கடலோர வறண்ட காட்டில் இருக்கும் ஊர்க்காரர்களோ, சாம்பல் முதுகுள்ள சருகுமானைத் தாங்கள் பார்ப்பதாகச் சொன்னார்கள். அந்தப் பேச்சை நம்பிக் கேமரா வைத்தவர்களுக்கு நூற்றுக்கணக்கில் படங்கள் கிடைத்தன. 2019-இல் செய்தி உலகுக்கு வந்தது. சாவோலாவைத் தேடுபவர்களுக்கு அந்தச் செய்தி ஒரு வாய் தண்ணீர் மாதிரி இருந்திருக்கும்.

இப்போது நூற்றுக்கும் குறைவாகத்தான் எஞ்சியிருக்க வேண்டும் என்று பெரும்பாலான நிபுணர்கள் கருதுகிறார்கள். அதைவிட மிகக் குறைவாக இருக்கலாம் என்று அஞ்சுபவர்களும் உண்டு. இந்த நிலையில் காட்டில் விட்டுக் காப்பது என்ற வழி ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. இருப்பவற்றைக் கண்டுபிடித்து, பிடித்து, பாதுகாப்பான வேலிக்குள் இனம் பெருக்கி, கம்பி இல்லாத ஒரு நாளில் திரும்ப விடுவது என்ற திட்டம்தான் மேசையில் இருக்கிறது. அதற்கான மையத்துக்கு வியட்நாமின் பாக் மா தேசியப் பூங்காவைத் தேர்ந்தார்கள். கூண்டில் வைத்த எல்லாமே செத்துப்போன விலங்கை மறுபடி பிடிக்கலாமா என்ற கேள்வியை லேசாகத் தள்ளிவிட முடியாது. மார்த்தாவின் கதையைப் படித்த யாருக்கும் நெஞ்சு திக்கென்றுதான் இருக்கும். ஆனால் 1996-இன் கூடம் வேறு, மருத்துவர்களும் தீவனமும் முன்கூட்டியே காத்திருக்கும் மையம் வேறு. காட்டில் விட்டுவைத்தால் அடுத்த அடி சுருக்கில் விழலாம் என்று தெரிந்த பிறகு, பிடிக்காமல் இருப்பதையும் கருணை என்று சொல்லத் தோன்றவில்லை.

எந்த ஓரிக்ஸின் பெயரைச் சாவோலா சுமக்கிறதோ அதன் வரலாறு இங்கே உதவிக்கு வருகிறது. அரேபிய ஓரிக்ஸ் கூட்டத்துக்கு முடிவு நெருங்குகிறது என்று 1962-லேயே உணர்ந்த சிலர், காட்டில் பிடித்தவற்றையும் அங்கங்கே வளர்ப்பில் இருந்தவற்றையும் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் விலங்குக் காட்சிச்சாலையில் சேர்த்தார்கள். மொத்தம் ஒன்பது. 1972-இல் ஓமனில் கடைசிக் காட்டு ஓரிக்ஸ் சுடப்பட்டது. ஒன்பதின் வாரிசுகள் 1982-இல் ஓமன் பாலைக்குத் திரும்பின. பிறகு அங்கே மறுபடியும் கள்ளவேட்டை. காப்பகமும் பெருமளவு சுருங்கியது. 2007-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்தே நீக்கியது. ஆனாலும் வேறு பல நாடுகளில் ஓரிக்ஸ் பெருகியதால் 2011-இல் அது அபாயப் பட்டியலில், காட்டில் அற்றுப்போனது என்ற நிலையிலிருந்து மூன்று படி மீண்டுவிட்டது. ஒன்பது போதுமாக இருந்தது, நேரத்தில் பிடித்ததால்.

சாவோலாவுக்கு எத்தனை வேண்டும்? 2025-இல் 'செல்' இதழில் வந்த ஆய்வு இதற்கு விடை தேடியது. வேட்டைக்காரர் வீடுகளிலும் ஆய்வகங்களிலும் இருந்த கொம்பு, எலும்பு, தோல் மிச்சங்களிலிருந்து 26 சாவோலாக்களின் முழு மரபணுத் தொகுதியைப் படித்தார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன், ஐயாயிரத்துக்கும் இருபதாயிரத்துக்கும் இடைப்பட்ட காலத்தில், வடக்கு தெற்கு என்று இரண்டு கூட்டங்களாக அவை பிரிந்துவிட்டன என்று தெரிந்தது. கடந்த பத்தாயிரம் ஆண்டுகளில் எல்லாம் சேர்ந்துமே ஐயாயிரத்தைத் தாண்டியதில்லை. இரண்டு கூட்டமும் வேறு வேறு மரபுக்கூறுகளை இழந்திருக்கின்றன. ஒன்று இழந்தது மற்றதில் மிஞ்சியிருக்கிறது. அதனால் இரண்டையும் கலந்து குறைந்தது ஒரு டஜன் கிடைத்தால்கூட இனத்துக்கு நீண்டகால வாய்ப்பு இருக்கிறது என்கிறார்கள். வேட்டைக்காரன் சுவரில் மாட்டிய கொம்புதான் இந்த நம்பிக்கையைத் தந்திருக்கிறது.

2022 மே மாதம் ஹனோயில் நடந்த தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டியின் சின்னமாகச் சாவோலா பொம்மை சிரித்துக்கொண்டு நின்றது. வியட்நாம் குழந்தைகளில் பலருக்கு அந்தப் பொம்மை வழியாகவே இந்தப் பெயர் தெரிந்திருக்கும்.

தேடும் குழுக்கள் காட்டுக்குள் போகும் முன் கிராமத்தில் உட்கார்கின்றன. கொம்பு மாட்டிய வீடு எது, கடைசியாகப் பார்த்தது எந்த ஓடை, எந்த ஆண்டு, எந்த மாதம், மேலே வந்ததா கீழே இறங்கியதா, நாய் துரத்தியதா, கம்பியில் விழுந்ததா என்று கேட்கிறார்கள். 1990-களில் இளைஞர்களாக நாயோடு மலையேறியவர்கள் இன்று அறுபதை நெருங்குகிறார்கள். அவர்கள் மகன்களில் பலர் சாவோலாவைப் பார்த்ததே இல்லை. பெரியவர்கள் சொல்லச் சொல்ல வரைபடத்தில் ஓடைகளின் தலைப்பகுதியில் புள்ளிகள் விழுகின்றன. மறுநாள் காலையில் ஆள்கள் அந்தப் புள்ளிகளை நோக்கி ஏறுகிறார்கள், பையில் ஒரு வாரத்து அரிசியும் கேமராவும் கம்பி வெட்டும் குறடும் வைத்துக்கொண்டு.